முயலை 300 மீட்டரிலிருந்து சுடுவது தொல்லை ஒழிப்பா, பொழுதுபோக்கா?

நீள்குழல்:
ஆஸ்திரேலியாவில் 1859-ல் தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்கென்று விட்ட 24 முயல்கள் கண்டம் முழுக்கப் பரவிய கதை தெரிந்ததே. புல்லைக் கொரித்து மண்ணை மொட்டையாக்கும் அவற்றைச் சுடுவதில் எனக்குத் தயக்கம் கிடையாது. கிட்டே போனால் வளைக்குள் ஓடிவிடும். அதனால் சிறு குண்டை அதிவேகமாகச் சுடும் .223 ரைஃபிளோடு 300 மீட்டரில் படுத்து, ரேஞ்ச் ஃபைண்டரில் அளந்துதான் சுடுகிறேன். இதில் என்ன தவறு?

கிட்டப்பார்வை:
தூரத்தை அளந்துவிட்டீர்கள் அண்ணே, காற்றை? மணிக்கு 15 கி.மீ. குறுக்குக் காற்றே அந்தத் தூரத்தில் 55 கிரெய்ன் (சுமார் மூன்றரை கிராம்) குண்டை ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிவிடும். நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவயலில் வேறொரு காற்று. முயலின் தலையோ எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. குண்டு போய்ச் சேர விநாடியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஆகும், அதற்குள் அது ஒரு எட்டு தாவினால் தலைக்குப் போக வேண்டியது குடலில் படும். அடிபட்டது வளைக்குள் புகுந்தால் இரண்டாவது குண்டுக்கு வழியே இல்லை. உள்ளேயே கிடந்து சாகும்.

நீள்குழல்:
கிட்டே போய்ச் சின்ன .22 ரைஃபிளால் சுடுகிறவர்கள் மட்டும் யோக்கியமா? ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவுக்கு 50 மீட்டரில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் கண்ணாடியை) சரிசெய்துவிட்டு 100-ல் சுட்டால் சுமார் 20 செ.மீ. கீழே இறங்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் காயப்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஈயக் குண்டு தரையில் பட்டு எகிறுவதும் உண்டு. என் குண்டு பட்ட இடத்திலேயே சிதறும்.

கிட்டப்பார்வை:
பெரும்பாலும் சிதறும். வேகம் குறைந்து, கல்லில் சாய்வாகப் பட்டால் அதுவும் எகிறும். தவறிப்போகும் குண்டைத் தடுக்கப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லையே?

நீள்குழல்:
மேடு இல்லாத பக்கம் சுடுவதில்லை. அது பால பாடம் தம்பி.

வளைதோண்டி:
இரண்டு பேரும் துப்பாக்கியை விட்டு வெளியே வாருங்கள். பெண் முயலுக்குச் சினைக்காலம் ஒரு மாதம்தான், ஈன்றவுடனே மறுபடி இணைசேரும். ஒவ்வொன்றாகச் சுட்டு இதை எப்படி முந்துவது? 1950-ல் முயலைக் கொல்லும் மிக்சோமா வைரஸை விட்டார்கள், முதலில் கொத்துக்கொத்தாகச் செத்தன, பிறகு முயல்களுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. 1995-ல் தென் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் நடந்த சோதனையிலிருந்து, முயலைக் கொல்லும் இன்னொரு வைரஸான கலிசிவைரஸ் தப்பிப் பரவியது. அதன் பிறகும் முயல் இருக்கிறது. டிராக்டரில் ஆழக் கலப்பை மாட்டி வளைகளை உழுது மூடுங்கள், வளை போனால் திரும்பிக் குடியேற இடமிருக்காது. துப்பாக்கி மிச்சம் மீதிக்கு.

நீள்குழல்:
அந்த மிச்சத்தைத்தான் சொல்கிறேன்! பாறை இடுக்கு வளைக்கு டிராக்டர் போகாது. எல்லாவற்றுக்கும் தப்பியவை அங்கேதான் இருக்கின்றன. வெளிச்சம் அடித்தாலே ஓடுகிற கெட்டிக்கார முயல்கள்.

கிட்டப்பார்வை:
சரி, அப்படியென்றால் இரவில் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் ஸ்கோப்போடு 70 மீட்டருக்குப் போங்கள். வெளிச்சமே தேவையில்லை. காற்று அடங்கிய நேரத்தில் 150 வரைகூட ஒத்துக்கொள்கிறேன். 300-க்கு மாட்டேன், அது முயலைவிட ரைஃபிளின் மேலுள்ள ஆசை.

நீள்குழல்:
150-ல் அது உட்கார்ந்திருந்தால் நான் ஏன் 300-க்குப் போகிறேன்? தெர்மல் ஸ்கோப் விலையைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

வளைதோண்டி:
அந்தக் காசுக்கு டிராக்டர் வாடகை எத்தனை நாளுக்கு வரும் என்றும் பார்த்துவிடுங்கள்.