ஆற்றங்கரை நடைபாதையில் சேறு: 18 தன்னார்வலர்கள், ஒரு நாள். எதில் கை வைப்பது?

கரையோரன்:
வணக்கம். மக்கள் அதிகம் நடக்கும் ஆற்றங்கரைப் பாதை ஒன்றைச் சீர்செய்யக் கிளம்பியிருக்கிறோம். பொறுப்பானவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று. ஏறக்குறைய 25 மீட்டர் நீளம், மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் சேறாகவே கிடக்கிறது. பாதை 1.2 மீட்டர் அகலம்தான். சேற்றை ஒதுக்கி ஒதுக்கி நடந்ததில் 3 மீட்டருக்கு விரிந்துவிட்டது. மேலே வெள்ளம் விட்டுப்போன வண்டல் வேறு. வருகிறவர்கள் 18 பேர், பாதிப்பேருக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. ஆற்றிலிருந்தே கூழாங்கல் அள்ளிக் கொட்டிவிடலாம் என்கிறார்கள். சரிவருமா?

திமிசுக்கட்டை:
கூழாங்கல் வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடிக்காது. எவ்வளவு இடித்தாலும் காலடியில் உருளும், அடுத்த மழைக்குச் சேற்றுக்குள் இறங்கிவிடும். படுகையில் அள்ளுவது கரையரிப்புக்கும் வழி. பல இடங்களில் சட்டமும் விடாது.

கல்லைப் பற்றி யோசிக்குமுன் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று பாருங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே போய்ப் பார்ப்பது உத்தமம். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: நடந்து நடந்து நடுப்பகுதி பள்ளமாகி, ஆற்றுப்பக்க ஓரத்தில் மண் வரப்புபோல எழுந்திருக்கும். பாதையே வாய்க்காலாகிவிடும். வரப்பை வெட்டினாலே பாதிச் சேறு போய்விடும், ஒரு கூடை கல்கூடத் தேவைப்படாது.

முதலில் வண்டலை அடிமண் தெரியும்வரை வழித்தெடுங்கள். அதன்மேலேயே கல் கொட்டினால் விழுங்கிவிடும். வழித்ததை ஆற்றில் தள்ளாதீர்கள், ஓரத்திலும் குவிக்காதீர்கள்; குவித்தால் அதுவே புது வரப்பு. பிறகு ஓர வரப்பை வெட்டி, தளம் ஆற்றுப்பக்கம் 5 விழுக்காடு சாயும்படி செதுக்குங்கள். 1.2 மீட்டருக்கு 6 செ.மீ. இறக்கம். கண்ணால் நம்பவேண்டாம்: 1.2 மீட்டர் நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, மேலே ரசமட்டம் வையுங்கள். குமிழி நடுவில் நிற்கும்வரை ஆற்றுப்பக்க முனையைத் தூக்குங்கள். முனைக்கும் மண்ணுக்கும் இடையே 6 செ.மீ. இருந்தால் சரி. 10 செ.மீ. வந்தால் நடப்பவர் கணுக்கால் கோணும், ஈரத்தில் வழுக்கும். 2 செ.மீ. என்றால் காலடி பட்டே மட்டமாகிவிடும்.

வடியும் நீர் நேராக ஆற்றில் விழக்கூடாது. புல், புதர் வழியாகப் போனால் மண் அங்கேயே தங்கும்.

மட்டச்சட்டம்:
மேலே சொன்னது பக்கச்சரிவு உள்ள இடத்துக்கு. ஆற்றங்கரைச் சமவெளியில் இரு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தால் எந்தப் பக்கம் சாய்த்தும் பயனில்லை, நீர் போக இடமிருக்காது. அங்கே பாதையைத்தான் உயர்த்தவேண்டும்.

இரு ஓரமும் கல் அல்லது மரக்கட்டை பதித்து, நடுவே நெய்யப்படாத ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கைத் துணி) விரியுங்கள். துண்டுகள் சேருமிடத்தில் 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். துணி இல்லாவிட்டால் சேறு மேலே ஏறும், கல் கீழே இறங்கும். அதன்மேல் 20 மி.மீ. முதல் தூள்வரை கலந்த உடைகல். தூளைச் சலித்த சுத்தமான ஜல்லி இறுகாது, தூள்தான் பசை. இறுகியபின் 15 செ.மீ. கனம் வேண்டும், நடு சற்று மேடாக. ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேல்தோல் மட்டும் இறுகும். 7, 8 செ.மீ. அடுக்காகப் போட்டு இடியுங்கள். கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும், நீர் கசியக்கூடாது. அந்த ஈரப்பதத்தில் இடித்தால்தான் பலன்.

கணக்கையும் பாருங்கள். 25 × 1.2 × 0.15 = 4.5 கன மீட்டர். இறுகிச் சுருங்குவதற்குக் கால்பங்கு சேர்த்தால் 5.6. தள்ளுவண்டிக்கு 60 லிட்டர் என்றால் 90 நடைக்கு மேல். கல் இறக்கும் இடம் தூரமென்றால் அன்றைய பொழுது சுமப்பதிலேயே போய்விடும். ஆகவே முன்கூட்டியே ஒருநாள் போய், உண்மையிலேயே தட்டையாக இருக்கும் மீட்டர்களுக்கு மட்டும் ஆணி அடித்து நூல் கட்டிவிட்டு வாருங்கள். வடிகால் வெட்டினால் தீரும் இடத்துக்குக் கல் வாங்காதீர்கள்.

சுள்ளிக்கட்டு:
ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. 18 பேரும் 25 மீட்டரில் ஒன்றாக இறங்கினால் யார் மண்வெட்டியாவது யார் காலிலாவது விழும். வீச்சுக் கருவி பிடிப்பவர்களுக்கு இடையே 3 மீட்டர் விடுங்கள். 6 பேர் வண்டல், வரப்பு. 6 பேர் கல் சுமக்க. 2 பேர் திமிசு (கல்லை இடித்து இறுக்கும் கட்டை), ரசமட்டம். மீதி 4 பேரைப் புதிதாக முளைத்த ஓரத்தடங்களை மூட விடுங்கள். அந்த வேலைக்கு மதிப்பே கொடுப்பதில்லை, ஆனால் அதை விட்டால் நல்ல பாதை போட்டும் ஜனம் பழைய தடத்திலேயே நடக்கும்.

இறுகிய மண்ணை 10 செ.மீ. கொத்தி இளக்கி, இலைச்சருகு பரப்பி, காய்ந்த கிளைகளை நட்டுவையுங்கள். இரு நுழைவாயிலிலும் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை மறைத்தால் போதும். படுக்கவைத்த கிளையைத் தாண்டிப் போய்விடுவார்கள், நின்றால்தான் தயங்குவார்கள். கிளம்புமுன் ஓரப்புதரில் பறவைக்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்த ஓரத்தை விட்டுவிடுங்கள்.

கரையோரன்:
மிக்க நன்றி, கூழாங்கல் யோசனையைக் கைவிட்டாயிற்று. இரண்டு சந்தேகம். மரச்சில்லு இலவசமாகக் கிடைக்கிறது, போடலாமா? இன்னொன்று, ஓரிடத்தில் கரை அடியில் அரித்துப்போய்ப் பாதை விளிம்பு அந்தரத்தில் நிற்கிறது.

திமிசுக்கட்டை:
மரச்சில்லு வெள்ளத்தில் மிதந்து போய்விடும். போகாதது மக்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து மறுபடி சேறாகும். வெள்ளம் ஏறாத மேட்டுப் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தர விளிம்பில் தன்னார்வலர்களை ஏற்றவே ஏற்றாதீர்கள். மேலே கல் போட்டால் எடை தாங்காமல் சரியும். செய்யக்கூடியது, பாதையை உள்ளே தள்ளி வளைத்துவிட்டு, பழைய தடத்தை மூடுவது. அந்தக் கரையிலேயே வளரும், கிளை நட்டால் வேர்விடும் மரவகை இருந்தால் அதிலிருந்து போத்து வெட்டி நடலாம்: 2 முதல் 4 செ.மீ. தடிமன், முக்கால் மீட்டர் நீளம், மொட்டு மேல்நோக்கி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். ஆனால் நீர் மோதும் அடிப்பகுதி வெறுமையாக இருந்தால் போத்து வேர்பிடிக்குமுன் அடித்துக்கொண்டு போகும். அடிக்கரையைக் கட்டுவது பொறியாளர் பார்த்துச் செய்யவேண்டிய வேலை; அதற்குத் தனி அனுமதியும் வேண்டியிருக்கும்.