புதுப்பிப்பு: அக்கா மகளின் முதுகுத்தண்டு நீர் ரிசல்ட் வந்துவிட்டது

பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா மகள், யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் புலம்புகிறாள், மனநல வார்டில் சேர்த்திருக்கிறோம் என்று போன மாதம் எழுதியிருந்தேன். நிறையப் பேர் கேட்டீர்கள், அதற்குத்தான் இது.

வார்டில் அவளுக்கு வலிப்பு வந்தது, வாயும் எதையோ மெல்வது போல் அசைந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் முதுகுத்தண்டு நீரை எடுத்து அனுப்பினார். மூளை செல்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்கும் என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதாம். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி மூளை செல்லின் ஏற்பிகளைத் தாக்குகிறது. 2007இல் நரம்பியல் டாக்டர் டால்மாவ் குழுவினர் கண்டறிந்து சொன்ன மூளை அழற்சி. இளம்பெண்களுக்குத்தான் அதிகம், சிலருக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும், அதை எடுத்தாக வேண்டும். இவளுக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை, நல்லவேளை. ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் ஏறுகின்றன. பேச்சே நின்றுபோயிருந்தவள் நேற்று மைலோவைக் குடித்துவிட்டு, "சின்னம்மா, சீனி பத்தல" என்றாள், அக்கா அழுதுவிட்டாள்.

சரி, எல்லா மனச்சிதைவும் இதுதானா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. இது அரிது. மனச்சிதைவிலும் எதிர்ப்புச் சக்திக்குப் பங்கு இருக்கலாம், 2016இல், எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புள்ள சி4 என்ற மரபணுவைப் பற்றிய ஆய்வு அந்தப் பக்கம்தான் காட்டியது, ஆனால் அதை வைத்து ஸ்டீராய்டு கேட்டுப் போகாதீர்கள், சாப்பிடும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். திடீர் மாற்றத்தோடு வலிப்பு, காய்ச்சல், உடல் விறைப்பு இருந்தால் நரம்பியல் டாக்டரையும் பார்க்கக் கேளுங்கள்.

முழுசாகத் தேற மாதக்கணக்கில் ஆகுமாம். அப்புறம் மந்திரித்த கயிறு அனுப்பிய அத்தைக்கு நன்றி, அதுவும் கட்டிலில்தான் தொங்குகிறது.