ஷிம் கலந்துபோன பின்னேரம்: பழைய லேத், பழைய அளவுகருவி அனுபவங்கள்

கொட்டாஞ்சேனைப் பட்டறை:
ஷிம்களை, அதாவது தாங்கியின் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோகத் தகடுகளை, கலந்துவிட்ட அந்தப் பின்னேரம் இன்னும் மனத்தை அரிப்பதால் எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1946இல் வெளிவரத் தொடங்கிய மைஃபோர்ட் எம்.எல். 7 வகை லேத் (கடைசல் இயந்திரம்). கடைந்த பரப்பு அலை அலையாக வந்ததால் சுழலும் அச்சைத் தாங்கும் வெள்ளை உலோகத் தாங்கிகளின் மூடிகளைக் கழற்றினேன். மூடிக்கு அடியில் இருபுறமும் ஏடு ஏடாக உரிக்கக்கூடிய ஷிம்கள் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மூடிகளில் புள்ளிக்குறி போட்ட நான் ஷிம்களில் எதுவும் போடவில்லை. தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்பிய ஐந்து நிமிடத்துக்குள், உதவிக்கு வந்திருந்த மருமகன் நான்கையும் ஒரே மாஜரின் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, பத்திரிகைத் தாளில் வரிசையாகக் காயவைத்திருந்தான். "மாமா, எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கு?" என்றான். பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருந்தன. தோன்றியபடி மாட்டி, சொட்டு எண்ணெயைத் திறந்துவிட்டு ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் முன்தாங்கியின் மேல் கைவைக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக அளந்து, இடம் மாற்றிச் சரிசெய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

வெள்ளவத்தைக் கடற்காற்று:
அளந்தேன் என்கிறீர்கள், அளந்த கருவியை அதற்கு முன் சோதித்தீர்களா? அப்பா விட்டுச்சென்ற மூர் அண்ட் ரைட் நுண்மானித் திருகுக்கணிச்சி (திருகைச் சுற்றித் தடிப்பை நுணுக்கமாக அளக்கும் கருவி) என்னிடம் உண்டு. அங்குலத்துக்கு 40 புரி, சுற்றும் உறையில் 25 பிரிவுகள், ஒரு பிரிவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளக்கும் முகங்களை ஒட்ட மூடினால் பூச்சியத்துக்கு மேலே ஒன்றரைப் பிரிவு காட்டியது. உயர்தர வகுப்பில் படித்த பூச்சிய வழு (மூடிய நிலையில் கருவி பூச்சியம் காட்டாத பிழை) ஞாபகத்துக்கு வர, கொக்கிச் சாவியால் உள்ளுறையைத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் பெருமைப்பட்டேன். அதன் பின் கடைந்த அச்சுகள் பல, அவை பொருந்த வேண்டிய உலோக வளையமான புஷ்ஷுக்குள் நுழைய மறுத்தன. கொழும்பு வெக்கையில் இரும்பு விரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு வருடம் எமரித் தாளால் தேய்த்தே காலம் கடத்தினேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு வெள்ளைத் தாளை முகங்களுக்கிடையே மெல்லப் பிடித்து இழுத்தார். தாளில் பொட்டு வைத்ததுபோல் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. திரும்ப மூடியபோது கோடு பூச்சியத்துக்குக் கீழே ஒன்றரைப் பிரிவில் நின்றது. நான் திருத்தியது வழுவை அல்ல, காய்ந்த எண்ணெயை.

ஓய்வுபெற்ற ஃபிட்டர், இரத்மலானை:
தம்பி, வெக்கையின் மீது பழி போட்டதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அளவைகளுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நம் பட்டறை 30 பாகையில் இருந்தாலும் 25 மில்லிமீற்றர் உருக்கு ஏறத்தாழ 0.003 மில்லிமீற்றர்தான் நீளும். உங்கள் ஒன்றரைப் பிரிவு 0.038 மில்லிமீற்றர், அதில் பத்திலொரு பங்குகூட வெப்பத்தால் வரவில்லை. மேலும், கருவியும் வேலைத்துண்டும் உருக்காக இருந்து ஒரே சூட்டில் இருந்தால் அந்தச் சிறு வேறுபாடும் அடிபட்டுப்போகும். வெயிலில் கிடந்த துண்டை நிழலில் இருந்த கருவியால் அளப்பதுதான் பிழை. கொட்டாஞ்சேனை ஐயா மருமகனைச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. குறி போடாமல் எழுந்து போனவர் அவர்தான்.

என் கதை சிறியது. சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் தண்டு ஒட்டுகிறது என்று ஒரு பையன் அதில் தேங்காய் எண்ணெய் விட்டான். முதல் நாள் முள் மயில் நடப்பதுபோல் நகர்ந்தது. இரண்டு மாதத்தில் தண்டு உள்ளே போய் வெளியே வராமல் நின்றது.

ஆகையால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டயல் கேஜின் தண்டுக்கு எந்த எண்ணெயும் விடக்கூடாது. பெற்றோல் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டாலே போதும். கழற்றும் பாகங்களை டப்பாவில் போடாமல் முட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாக, கழற்றிய ஒழுங்கிலேயே வையுங்கள். நுண்மானியை முகங்கள் ஒட்டியபடி மூடி வைக்காமல் சிறு இடைவெளி விடுங்கள். ஒட்டியிருந்தால் ஈரம் இடையில் தங்கித் துரு பிடிக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் தொட்ட கருவியை அன்றைக்கே துடைக்க வேண்டும், ஏனெனில் விரல் வியர்வையின் உப்பும் காற்றின் உப்பும் சேர்ந்தால் மறுநாள் காலையில் கைரேகை அப்படியே செம்மையாக எழுந்து நிற்கும். விட்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அங்குலத் திருகு முறை நட்டுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டுத் தலையை உருட்டிவிடாதீர்கள். விட்வேர்த் ஸ்பனரில் பொறித்திருப்பது தலையின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம். அரை அங்குல விட்வேர்த்துக்கு அங்குலத்துக்கு 12 புரி, அதே அளவு அமெரிக்கப் பருபுரித் திருகுக்கு 13. நட்டு இரண்டு சுற்று போனதை வைத்துப் பொருந்திவிட்டது என்று நம்ப வேண்டாம்.

தெஹிவளை மகள்:
ஐயா, நான் கடைசல் அறியாதவள். அப்பா இறந்தபின் அவருடைய லேத்தை விற்க நினைத்தேன். சாடில் (வெட்டும் கருவியைச் சுமந்து நகரும் பாகம்) ஆடுவது பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லி, முதல் மாதம் வந்த மெக்கானிக், அந்த ஆட்டத்தைக் குறைக்கும் கிப் பட்டியின் திருகுகளை இறுக்கிக் கொடுத்தார். வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்குக்கு அருகில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். அசைவே இல்லாமல் வழுக்கிச் சென்றது.

பிறகு வாங்க வந்த பாஸ் (கைத்தொழில் அறிந்தவர்) வயதானவர். பெயின்ட்டையோ மோட்டரையோ அவர் பார்க்கவில்லை. கைச்சக்கரத்தைப் பிடித்து சாடிலை, சக்குக்கு எதிர்முனையான டெயில்ஸ்டொக் பக்கம் மெல்ல நகர்த்தினார். பாதி வழியில் சக்கரம் கனத்தது. இன்னும் நான்கு விரற்கிடை போனதும் முற்றாக இறுகி நின்றது. அப்பா நாற்பது வருடம் சக்குக்கு அருகிலேயே கடைந்ததால், சாடில் வழுக்கிச் செல்லும் தளமான பெட் அங்கே தேய்ந்திருந்தது, மறுமுனை தேயவில்லை; தேய்ந்த இடத்துக்கு இறுக்கியது தேயாத இடத்தில் பிடித்துக்கொண்டது. பாஸ் ஒரு வார்த்தையும் சொல்லாமல், சாடிலை இருந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டு, கையைத் துணியில் துடைத்தார். நான் ஏமாற்ற நினைத்தேன் என்றுதான் அவர் எண்ணியிருப்பார்.

அந்தத் திருகுகளை இப்போது எவ்வளவு தளர்த்த வேண்டும்? தேயாத முனையில் வைத்துச் சரிசெய்து, சக்குப் பக்கம் ஆடினால் ஆடட்டும் என்று விடுவதுதான் முறையா?