அம்மா தனியாக விமானம் ஏறுகிறார், செக்யூரிட்டி வரிசை பற்றி உதவி தேவை

வணக்கம். அமெரிக்காவில் எங்களோடு ஆறு மாதம் இருந்த அம்மா அடுத்த வாரம் தனியாகச் சென்னை திரும்புகிறார். வயது 71. முழங்கால் வலி, ஆங்கிலமும் வராது.

போன மாதம் நண்பரை வழியனுப்பப் போனபோது பார்த்த வரிசை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பாதித் தடங்கள் ஆள் இல்லாமல் மூடிக் கிடந்தன. ஒரு பாட்டி தன் பெட்டி மேலேயே உட்கார்ந்து, வரிசை நகர நகர எழுந்து எழுந்து தள்ளிக்கொண்டு போனார். அம்மாவை அங்கே நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஊழியர்களைக் குறை சொல்ல மனமில்லை. 2025-இல் நிதி ஒப்புதல் கிடைக்காமல் அமெரிக்க அரசு 43 நாள் முடங்கியபோது டிஎஸ்ஏ (விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை நடத்தும் அரசு அமைப்பு) ஊழியர்கள் சம்பளம் கைக்கு வராமலேயே வேலை பார்த்தார்கள், பாவம்.

சோதனையில் முதியோர், உடல்நலக் குறைவு உள்ளோருக்குத் துணை செய்யும் டிஎஸ்ஏ கேர்ஸ் உதவிக்கு, பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பே அழைக்க வேண்டுமாம். அழைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உண்மையிலேயே ஆள் வந்து கூட நின்றாரா? வீல்சேர் சொல்லிவிட்டேன், அதற்குத் தனி வரிசை கிடைக்குமா? அப்புறம், கேட் வரை நானும் கூடப் போக விமான நிறுவன கவுண்டரில் எஸ்கார்ட் பாஸ் கேட்டு வாங்கியவர்கள், என்ன அடையாள அட்டை காட்டினீர்கள் என்று சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.