10 மாசம் ஒண்ணு, 5 வயசு ஒண்ணு: வெளாட்டு சாமான் என்ன வாங்க?

தக்கலைக்காரி:
எனக்க மோளுக்கு 5 வயசு, மோனுக்கு 10 மாசம். அண்ணன் அடுத்த மாசம் துபாய்ல இருந்து லீவுக்கு வாறான், பிள்ளைகளுக்கு என்ன வேணும்னு டெய்லி வாட்ஸ்அப்ல கேட்டுட்டே கெடக்கான். மோளு குட்டி லெகோ தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. இவன் என்னன்னா தவந்து போயி தரையில கெடக்க எல்லாத்தையும் வாயில போடுகான், போன வாரம் அவளுக்க பொம்மை செருப்ப தொண்டைக்கு முன்னால இருந்து தோண்டி எடுத்தேன், எனக்கு கையும் காலும் ஓடல. மாமி வேற வாக்கர் வாங்கு, சீக்கிரம் நடப்பான்னு சொல்லுகாவ. என்ன சொல்லி விட?

வடசேரி அம்மா:
வாக்கர் வேண்டவே வேண்டாம் மக்ளே. அதுல வச்சா நடை சீக்கிரம் வராது, படியில உருண்டு விழுவான், இல்லேன்னா மேசையில இருக்க சாயாவ எட்டி இழுப்பான். கனடாவுல 2004லயே அத விக்கவே தடை போட்டுட்டாவ. புடிச்சி நிக்க ஆரம்பிச்சிட்டான்னா தள்ளிட்டு போற மரவண்டி போதும், அதுவும் கனமா சாயாம இருக்கணும். இந்த வயசுல அவனுக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ண போடணும், திரும்ப கொட்டணும், அம்புட்டுதான் சந்தோசம். எனக்க இளையவன் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் கரண்டியையும் வச்சு ரெண்டு மாசம் ஓட்டினான், வாங்கின பொம்மையெல்லாம் அலமாரியில தூங்குச்சு.
மோளுக்கு லெகோ வாங்கு, ஆனா அவன் தூங்கும்போ கட்டில் மேல வச்சு மட்டும். டாய்லெட் பேப்பர் நடுவுல உள்ள அட்டைக் குழலுக்குள்ள போற சாமான் எதுவும் 3 வயசு ஆகாத பிள்ளைக்க கைக்கு எட்டக்கூடாது.

பனங்காட்டான்:
துபாய்ல இருந்து எதுக்கு பிள்ளே, ஒரு பனையோலை கிலுக்கு பின்னி குடு, சீசன் வந்தா நுங்கு வண்டி. நாங்க கொல்லாங்கொட்டை, அதான் முந்திரிக்கொட்டை, வச்சே ஒரு லீவு முழுக்க வெளாடினோம்.

நைட் டூட்டி நர்ஸ்:
அண்ணே கோவப்படாதீங்க, 10 மாசத்துக்காரன் ஓலைய கடிச்சி பிச்சிருவான், உள்ள உள்ள கல்லு நேரா வாய்க்கு போவும். கொல்லாங்கொட்டை தோட்டுல உள்ள எண்ண பட்டா வாய் வெந்துரும். நுங்கு வண்டி மோளுக்கு சூப்பர்.
தக்கலைக்காரி அக்கா, ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பட்டன் பேட்டரி. மின்னுகது பாடுகது எதுன்னாலும் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கி இருக்கணும். விழுங்கி தொண்டையில தங்கிச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள வெந்துரும், பாத்தா சளி மாதிரிதான் தெரியும், ஒரு நைட் அப்பிடி ஒரு பிள்ளைய நானே பாத்திருக்கேன். சந்தேகம்னாலே ஓடி போயி எக்ஸ்ரே எடுத்துரணும். சின்ன காந்தமும் அப்பிடித்தான், ரெண்டு போச்சுன்னா குடல நடுவுல வச்சு கவ்விரும்.
இங்க வாங்கினா ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, 2021 ஜனவரியில இருந்து 14 வயசுக்குள்ள பிள்ளைகளுக்க சாமானுக்கு கட்டாயம். திருநாள் கடையில இருக்காது. துபாய் சாமான்னா ஜி மார்க், அதான் வளைகுடா நாடுகளுக்க பாதுகாப்பு முத்திரை, பாக்க சொல்லுங்க.

தக்கலைக்காரி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மோளுக்கு லெகோ, இவனுக்கு அடுக்கு கப்பும் துணிப்பந்தும்னு சொல்லியாச்சு. வாக்கர் வேண்டாம்னு மாமிட்ட சொல்ல எனக்கு தைரியம் இல்ல, அதையும் அண்ணன் தலையிலயே கட்டிட்டேன்.