புதுப்பிப்பு: எராஸ்மஸ் மாணவரின் ஓட்டு எங்கே?

1987இல் தொடங்கிய, ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பற்றி முன்பு எழுதியபோது பலர் கேட்டது ஒன்றுதான்: ஒரு செமஸ்டர் வேறு நாட்டில் படிக்கப் போனால் ஓட்டு போய்விடுமா?

அது சொந்த நாட்டைப் பொறுத்தது. அயர்லாந்து மாணவர் வெளிநாட்டிலிருந்து தன் நாட்டுத் தேர்தலுக்கு ஓட்டுப் போட வழியில்லை. ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் என்றால், தங்கியிருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம்.

ஜெர்மனியில் அதற்குத் தேர்தலுக்கு 21 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூன் 9 தேர்தலுக்கு மே 19 கடைசி நாள். சொந்த நாட்டில் ஓட்டுப் போடமாட்டேன் என்றும் உறுதி தர வேண்டும். சும்மா சம்பிரதாயம் இல்லை இது. 2014இல் ஒரு பிரபல ஜெர்மன் வார இதழின் ஆசிரியர், இரட்டைக் குடியுரிமை இருந்ததால் இரண்டு ஓட்டுப் போட்டதாக டிவியிலேயே சொல்லி விசாரணையில் மாட்டினார்!

பெல்ஜியம் இன்னும் கறார்: பதிந்துவிட்டால் வெளிநாட்டவருக்கும் ஓட்டுப் போடுவது கட்டாயம்.

அப்புறம், வயது. 2024இல் ஆஸ்திரியா, மால்டா, ஜெர்மனி, பெல்ஜியத்தில் 16, கிரீஸில் 17, மற்ற நாடுகளில் 18. என் பார்வையில் வயதைவிட அந்த 21 நாள் கெடுதான் மாணவர்களுக்குப் பெரிய தடை.