ஆறு ஏர்பேக்குக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கொங்குக்காரன்:
அடுத்த மாதம் கார் எடுக்கிறேன். அம்மா, அப்பா, மனைவி, ஒன்பது மாதக் குழந்தை. இரண்டு ஏர்பேக் மாடலுக்கும் ஆறு ஏர்பேக் மாடலுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அந்தப் பணம் தண்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆறு கட்டாயம் என்று 2022 ஜனவரியில் அரசு வரைவு விட்டது, அந்த அக்டோபரிலிருந்து என்றார்கள், பிறகு 2023 அக்டோபருக்குத் தள்ளினார்கள், கடைசியில் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் கட்கரியே சொல்லிவிட்டார். அவ்வளவு அவசியம் என்றால் ஏன் கைவிட்டார்கள்? நான் அறுபதைத் தாண்டி ஓட்டுகிறவனும் இல்லை.

தாமிரபரணி:
சகோ, அந்த இரண்டும் ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் இருப்பவை. நேருக்கு நேர் மோதினால்தான் உதவும், அதுவும் முன்னால் இருப்பவர்களுக்கு மட்டும். முன்பக்கம் மோதினால் பானெட் நசுங்கிப் பாதி அடியை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் என்ன இருக்கிறது? ஒரு கதவு, அதற்கு ஒரு சாண் தள்ளி உங்கள் அம்மாவின் தலை. ஆறு ஏர்பேக் மாடலில் அங்கே திரை மாதிரி மேலிருந்து இறங்குகிற ஏர்பேக் பின்சீட்டுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் அறுபதில் போகலாம், குறுக்கு ரோட்டிலிருந்து வருகிற லாரி அறுபதில் வருமா?

கொங்குக்காரன்:
ஏர்பேக்கே ஆளைக் கொன்ற கதையும் இருக்கிறதே. ஜப்பானின் டகாட்டா கம்பெனி ஏர்பேக் வெடித்து இரும்புத் துண்டு கழுத்தில் பாய்ந்து செத்தவர்கள் உண்டு. கம்பெனி 2017-இல் திவாலே ஆனது.

பட்டறை மணி:
தம்பி, நடந்தது உண்மை. அதில் வாயுவை உண்டாக்க அம்மோனியம் நைட்ரேட் போட்டிருந்தார்கள், வெயிலும் ஈரப்பதமும் பல வருஷம் பட்டு அது கெட்டுப்போனது. பழைய கார் வாங்கினால் சேசிஸ் எண்ணை வைத்து ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்ட அறிவிப்பு, இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காகப் புது வண்டியில் ஏர்பேக்கே வேண்டாம் என்பது சரியில்லை.

ஆனால் நீங்கள் இரண்டு பேருமே பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பின்சீட்டு பக்கிளைத் தேடினால் சீட் கவருக்கு அடியில் கிடக்கிறது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். முன்சீட்டில் பீப் சத்தம் வராமலிருக்க வெறும் கிளிப்பைச் சொருகி வைத்திருக்கிறார்கள். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்துவிடும். பெல்ட் இல்லாத உடம்பு முன்னால் பாய்ந்தால் விரிந்துகொண்டிருக்கும் பையிலேயே போய் மோதும், அந்த அடியிலேயே கழுத்து போகலாம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தாரே, அது ஏர்பேக்குக்குக் குறைவில்லாத பென்ஸ். பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது, அந்த இருவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவர் பிழைத்தார்கள்.

தாமிரபரணி:
அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெல்ட் போட்ட ஆளுக்கும் பக்கவாட்டு அடியில் கண்ணாடியில் தலை மோதும், அங்கே பெல்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டும் வேண்டும்.

பட்டறை மணி:
வேண்டும், மறுக்கவில்லை. பணம் இருந்தால் ஆறே எடுங்கள். எடுத்தபிறகு தடிமனான சீட் கவர் போட்டு மூடாதீர்கள், பக்க ஏர்பேக் சீட்டின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். முன்னால் இரும்புக் கம்பி பம்பரும் வேண்டாம், அடி சென்சாருக்குப் போகும் விதமே மாறிவிடும். அப்புறம் குழந்தை எங்கே உட்காரும்?

கொங்குக்காரன்:
மனைவி மடியில், முன்சீட்டில்.

பட்டறை மணி:
தயவுசெய்து வேண்டாம். ஏர்பேக் விரிந்தால் அவர் நெஞ்சுக்கும் அதற்கும் நடுவில் மாட்டுவது அந்தக் குழந்தைதான். பின்சீட்டில், பின்பக்கம் பார்த்த குழந்தை சீட் மாட்டுங்கள், அதைப் பூட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று ஷோரூமிலேயே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கொங்குக்காரன்:
மணி அண்ணே, இப்போதுதான் கீழே போய் அப்பாவின் பழைய வண்டியைப் பார்த்தேன். பின்சீட்டில் நடு பக்கிளைக் காணவே இல்லை, கவரைக் கழற்றினால் கிடக்கிறது. ஆறா இரண்டா என்பதை ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்கிறேன், குழந்தை சீட்டுக்கு இன்றே சொல்லிவிட்டேன்.